சர்க்கரை ‘பார்டர்’ல நிக்குதா? திருப்பி அனுப்ப இதுதான் நேரம்!

“எனக்கு வயசு 44. கள்ளக்குறிச்சி பக்கம் மூணு ஏக்கர் வெச்சிருக்கேன். ரெண்டு ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல்லு. போன மாசம் ஊருல நடந்த முகாம்ல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. வெறும் வயித்துல 112. குளூக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 164. ‘பார்டர்ல இருக்கு, இப்ப மாத்திரை வேணாம். சோத்தைக் குறைச்சு, தினமும் நடங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாள் பூரா காட்டுல கெடக்கிறவனை நடக்கச் சொன்னா சிரிப்புதானே வரும்? சோத்தைக் குறைச்சா மம்பட்டி புடிக்கத் தெம்பு வேணாமா? ஆனா, எங்கம்மாவுக்குச் சர்க்கரை முத்திப்போயி கால் விரலை எடுத்தாங்க. அதை நெனச்சா பயமாவும் இருக்கு. நான் என்னதான் செய்யணும்?”

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்துவிடக்கூடிய விஷயமில்லை. இதே சந்தேகம் பல வீடுகளில் இருக்கிறது என்பதால் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ‘பார்டர்ல இருக்கு’ என்றால், ‘இன்னும் ஒண்ணும் ஆகலை, கவலைப்படாதே’ என்று பொருளில்லை. ‘இப்போது நீ செய்வதற்குத்தான் முழுப் பலன் இருக்கிறது’ என்று பொருள். பூச்சி முட்டை வைத்திருக்கும்போதே பார்த்துவிட்ட மாதிரி. முட்டையாக இருக்கும்போது இலையைக் கிள்ளிப் போட்டாலே வேலை முடியும். புழுவாகி வயல் முழுக்கப் பரவிய பிறகு, மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மடை அடைத்துக்கொண்டால்...

நாம் சாப்பிடும் சோறு, களி, இட்லி எல்லாம் செரித்து, குளூக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்கின்றன. ரத்தத்தை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை, கால், தொடையில் உள்ள தசைகள்தான் வயல். வாய்க்காலில் வரும் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிட மடை திறக்கும் ஆள் வேண்டுமல்லவா? அந்த வேலையைச் செய்வதுதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது.

வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, உடல் அசைவு குறைந்து, மாவுச்சத்து மட்டும் வேளாவேளைக்கு வந்துகொண்டிருந்தால், மடைகள் இறுகிக்கொள்கின்றன. ஒரு ஆள் திறந்த மடையைத் திறக்க இரண்டு ஆள் தேவைப்படுகிறது. கணையமும் கூடுதலாக இன்சுலினை அனுப்பிச் சமாளிக்கிறது. ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். இதுதான் ‘பார்டர்’ நிலை. வருடக்கணக்கில் இப்படியே ஓட்டினால், கணையம் களைத்துவிடும். வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு வழியும். அதுதான் சர்க்கரை நோய்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் இல்லாமலே மடை தானாகத் திறந்து குளூக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடக்கச் சொல்வதற்கு உடம்பு இளைக்கட்டும் என்பது மட்டும் காரணமல்ல. நடக்கும்போது மடை திறக்கிறது என்பதுதான் முக்கியக் காரணம்.

எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 100 முதல் 125 வரை ‘பார்டர்’ (சில மருத்துவமனைகளில் 110-லிருந்து கணக்கிடுவார்கள்). 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 75 கிராம் குளூக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால், 140-க்குக் கீழே நல்லது. 140 முதல் 199 வரை ‘பார்டர்’. 200-ம் அதற்கு மேலும் நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ‘ஹெச்பிஏ1சி’ பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை ‘பார்டர்’. முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது முதல் சல்லடைதான். அதில் கூடுதலாகக் காட்டினால், கையில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த நிலையில் வலி இருக்காது, தாகம் இருக்காது, அடிக்கடி சிறுநீர் போகாது. பரிசோதனை செய்தால் மட்டுமே தெரியும்.

உழைக்கிற உடம்புக்கு வராதா?

‘சர்க்கரை டவுன்காரங்க வியாதி’ என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வு, நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 79,506 பேர் கிராமத்துக்காரர்கள். 2023-ம் ஆண்டு வெளியான முடிவின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ‘பார்டர்’ நிலையில் இருப்பவர்களோ 13.6 கோடிப் பேர். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, உடல்பருமன் எல்லாமே நகரத்தில்தான் அதிகம். ஆனால், ‘பார்டர்’ நிலை மட்டும் அப்படி இல்லை. அதில் நகரத்துக்குக் கிராமம் சளைக்கவில்லை.

ஏன் இப்படி? நம் வேலையையே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஏர் பின்னால் நடந்த இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. நாற்று நட இயந்திரம், அறுக்க இயந்திரம். காட்டுக்குப் போக பைக். மோட்டார் போட கொட்டகை வரைக்கும் நடந்த காலம் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் போடுகிறோம். இதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரம் இல்லாமல் விவசாயம் இல்லை. ஆனால், ஏர் உழுதவர் சாப்பிட்ட அதே அளவு சோற்றை, செல்போனில் மோட்டார் போடுகிறவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். வேலை மாறிவிட்டது. தட்டு மாறவில்லை. சிக்கல் அங்கேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. விவசாய வேலை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. நடவு, களை, அறுப்பு என்று சில வாரங்கள் முதுகு ஒடியும். மற்ற மாதங்களில் தண்ணீர் பாய்ச்சுவது, சுற்றிப் பார்ப்பதோடு சரி. ‘நான் விவசாயி, நாள் பூரா உழைக்கிறேன்’ என்று சொல்லும்போது, நமக்கு நடவு மாதம்தான் நினைவுக்கு வருகிறது. உடம்போ கோடை மாதங்களையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது.

தடுக்க முடியும் என்பதற்கு என்ன ஆதாரம்?

வெளிநாட்டைத் தேடிப் போகவே வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, ‘பார்டர்’ நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து வழிகாட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொரு பிரிவினருக்கு இரண்டும்.

மூன்று ஆண்டு முடிவில், அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு, 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அதாவது, சாப்பாடும் நடையும் சேர்ந்து ஒரு மாத்திரை செய்யும் வேலையைச் செய்திருக்கின்றன.

இந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, பழக்கத்தை மாற்றியவர்களுக்கு உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. ‘நான் ஏற்கெனவே ஒல்லி, எனக்கு இதெல்லாம் எதுக்கு’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு, ஏற்கெனவே உடலுழைப்பு செய்பவர்களையும், தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களையும் ‘அதை அப்படியே விடாமல் செய்யுங்கள்’ என்றுதான் சொன்னார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களைத்தான் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஆக, நிஜமாகவே உழைக்கிற நாளில் தனியாக நடை வேண்டியதில்லை. உழைக்காத நாளில் கட்டாயம் வேண்டும்.

பலன் எத்தனை நாள் நிற்கும்? சீனாவின் டாசிங் நகரத்தில் 1986-ம் ஆண்டு தொடங்கி, 577 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினரை அப்படியே விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு ஆறு ஆண்டுகள் இப்படி வழிகாட்டினார்கள். 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. வழிகாட்டப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்திருந்தன.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. பழக்கத்தை மாற்றிய 100 பேரில் 39 பேருக்கு நோய் வரத்தான் செய்தது. மருந்து தெளித்த வயலிலும் கொஞ்சம் பூச்சி இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் வயலை அப்படியே விட்டுவிடுவதில்லை. அந்த 39 பேரில் நாம் இருந்தாலும், சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவதால் கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

உங்களுக்கு எத்தனை மதிப்பெண்?

சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ என்ற கணக்கு இருக்கிறது. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஒரு டெய்லர் டேப் போதும்.

வயது: 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30.

இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ-க்குக் கீழே, பெண்களுக்கு 80 செ.மீ-க்குக் கீழே 0. ஆண் 90-99, பெண் 80-89 என்றால் 10. அதற்கும் மேல் 20.

உடலுழைப்பு: கடும் உழைப்பு 0, நடுத்தரம் 10, லேசானது 20, உழைப்பே இல்லை 30.

குடும்பம்: பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20.

கூட்டுங்கள். 30-க்குக் கீழே என்றால் அபாயம் குறைவு. 30 முதல் 50 வரை நடுத்தரம். 60-ம் அதற்கு மேலும் அதிகம், உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

இடுப்பை வேட்டி கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை மெதுவாக விட்டபடி அளக்க வேண்டும். டேப் இல்லையா? ஒரு சணல் கயிற்றை உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு வயிற்றைச் சுற்றி எட்டவில்லை என்றால், தொப்பை அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள்.

உழைப்பு மதிப்பெண்ணைப் போடும்போது நடவு மாதத்தை நினைத்துப் போடாதீர்கள். சாதாரண வாரத்தை நினைத்துப் போடுங்கள்.

தட்டில் என்ன மாற்றம்?

சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. அளவையும் வரிசையையும் மாற்றச் சொல்கிறோம்.

நம் வீடுகளில் சோறு மூன்று தடவை விழும். குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டால், இரண்டு தடவை சோறு மிச்சம். பசி இருந்தால் அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் வரட்டும்.

தட்டை மனதுக்குள் நான்காகப் பிரியுங்கள். பாதித் தட்டு கீரை, காய். கால் தட்டு சோறு அல்லது களி. மீதிக் கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவை. காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் காய்க் கணக்கில் வராது. அவை சோற்றுக் கணக்கு.

‘தெம்பு’ பற்றிய கேள்விக்கு வருவோம். மண்வெட்டி பிடிக்கிற நாளில் ஒரு கரண்டி கூடச் சாப்பிடுங்கள், தவறில்லை. சும்மா இருக்கிற நாளில் அந்தக் கரண்டி வேண்டாம். வேலைக்குத் தகுந்த தீவனம் என்று மாட்டுக்குப் பார்க்கிறோமே, அதே கணக்குதான். நீண்ட நேரம் பசி தாங்குவதற்குப் பயறும் கொள்ளும் நிலக்கடலையும் நல்ல துணை. ஒரு கைப்பிடி அவித்த கடலையோ சுண்டலோ சாப்பிட்டால், பதினோரு மணிக்கு வடை தேடாது.

காய்க்குக் காசு எங்கே என்று கேட்கலாம். வரப்பில் உளுந்து, துவரை, தட்டைப்பயறு போடுங்கள். கிணற்றடியில் முருங்கை, அகத்தி, பப்பாளி வையுங்கள். வேலியில் கோவை, அவரை, பாகல் படரட்டும். மழை இல்லாத மாதத்திலும் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் நாலு கத்தரி, வெண்டை வளரும். நம் இதழில் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதும்போதெல்லாம் மிச்சமாகும் பணத்தைத்தான் சொல்கிறோம். மருந்துச் செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பது இன்னொரு பழக்கம். எட்டு மணிக்குள் சாப்பிட்டு, தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள்.

டீக்கடைக் கணக்கு

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். காலையில் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, வேலை ஆட்களோடு ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஐந்து டீ, 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வருடத்துக்கு 18 கிலோ. இது ஒருவர் டீயில் மட்டும் குடிக்கும் சர்க்கரை. கூட வரும் பன்னும் பிஸ்கட்டும் தனி.

ஐந்தை இரண்டாக்கி, அதிலும் சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள். முதல் வாரம் சப்பென்று இருக்கும். மூன்றாவது வாரம் பழைய டீயைக் குடித்தால் பாயசம்போலத் தெரியும். வேலை ஆட்களுக்கு டீ கொடுக்கும் இடத்தில், ஒருவேளையாவது மோர், சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். அவர்களுக்கும் நல்லது.

பீடி, சிகரெட் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மதுவும் அதோடு வரும் வறுவலும் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டுகின்றன. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

எப்போது நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. காட்டைச் சுற்றிப் பார்ப்பதற்காக நின்று நின்று போவது இந்தக் கணக்கில் வராது.

சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றி வந்தால் சுமார் 250 மீட்டர். பத்துச் சுற்று வந்தால் இரண்டரை கிலோமீட்டர். வரப்பு வழுக்கும் என்றால் வாய்க்கால் கரையிலோ ஊர்ச்சாலையிலோ நடங்கள். காடு இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், ஒரு வேளையாவது பைக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். செல்போன் மோட்டார் இரவுக்கு இருக்கட்டும், பகலில் நடந்து போய்ப் போடுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் முடியாதவர்கள், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு இரைத்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கமும் கணக்கில் உண்டு. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருகிறது என்று கண் விழிப்பவர்கள், பகலில் ஈடுகட்டித் தூங்கிவிடுங்கள். தொடர்ந்து தூக்கம் கெட்டால் சர்க்கரையும் கூடும்.

பெண்கள் கவனத்துக்கு

எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சமிருக்கும் சோற்றை ‘வீணாகுதே’ என்று சாப்பிடுவது நம் வீட்டுப் பெண்கள்தான். காயும் குழம்பும் தீர்ந்துபோய், வெறும் சோறும் ஊறுகாயுமாக முடியும் சாப்பாடு அது. பெண்களின் தட்டிலும் பாதி காய் இருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்ட பெண்கள், ‘போய்விட்டது’ என்று மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறு வாரத்துக்குப் பிறகு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை அவசியம்.

வாசகர் கேள்விகள்

“வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டின்னு மாறிட்டேன். போதுமா?”

போதாது. ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சர்க்கரைதான். அளவைக் குறைத்தால்தான் பலன்.

“சிறுதானியம் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாமா?”

கூடாது. கேழ்வரகிலும் கம்பிலும் சாமையிலும் உள்ள மாவுச்சத்து, அரிசியைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். நார்ச்சத்து கூடுதல் என்பது நல்ல விஷயம். முழுத் தானியமாகச் சமைத்தால் பலன் அதிகம். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும்.

“வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி சாப்பிட்டா நிக்குமா?”

வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, உணவில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், பொடியைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றையும் டீயையும் பழையபடி வைத்துக்கொண்டால் எதுவும் நிற்காது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

“எனக்கும் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இருக்கு. பையனுக்கு 22 வயசு. இப்பவே பாக்கணுமா?”

பெற்றோர் இருவருக்கும் இருப்பதால், அவருக்கு வாய்ப்பு அதிகம். தொப்பையும் இருந்தால் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்டரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே சொன்ன தட்டும் நடையும் அவருக்கும் பொருந்தும்.

“முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கிட்டா என்ன?”

சிலருக்கு மருத்துவர்களே மெட்ஃபார்மின் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து.

“எங்கே, எப்போ பரிசோதனை செய்றது?”

30 வயதைத் தாண்டிய எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021-ம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊருக்கே வந்து பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களிடமும் கேளுங்கள். பார்டரில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம் பார்க்க வேண்டும். மருத்துவர் அதற்கு முன்னால் வரச் சொன்னால் போய்விடுங்கள்.

கள்ளக்குறிச்சி வாசகருக்கு...

உங்கள் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்ப்போம். வயதுக்கு 20. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் 10. இடுப்பு 90-ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு 10. உழைப்புக்கு ‘நாள் பூரா காட்டுல’ என்று 0 போட்டால் மொத்தம் 40, நடுத்தரம். ஆனால், கரும்பு வளர்ந்து நிற்கும் மாதங்களில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்றால், அங்கே 20 போட வேண்டும். மொத்தம் 60, அதிகம். அந்த 20-தான் உங்கள் கையில் இருக்கிறது. வயதை மாற்ற முடியாது, அம்மாவை மாற்ற முடியாது. உழைப்பையும் இடுப்பையும் மாற்றலாம்.

அம்மாவின் கால் விரலைச் சொல்லியிருந்தீர்கள். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். கரும்புத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது சோகை கிழித்தாலும், கட்டை குத்தினாலும் தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். அந்த இடத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. உங்களுக்கு அம்மாவைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே தகவல் கிடைத்திருக்கிறது.

மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் டீயை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது மாதம் ரசச் சோறும் மோர்ச் சோறும் நிற்கட்டும். மூன்றாவது மாதம், வேலையில்லாத நாளெல்லாம் அரை மணி நேரம் நடை. வீட்டுக் காலண்டரில், தண்ணீர் பாய்ச்சிய தேதியைக் குறிப்பதுபோல நடந்த நாளையும் குறித்து வையுங்கள். மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 537 ஆண்களை வைத்து இரண்டு ஆண்டு நடத்திய இன்னோர் ஆய்வில், செல்போனில் நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பியதற்கே பலன் கிடைத்தது. செய்தி போகாதவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய் வந்தது, செய்தி போனவர்களில் 18 பேருக்குத்தான் வந்தது. உங்களுக்கு நினைவூட்ட வீட்டில் மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, எண்ணை நமக்கு எழுதுங்கள்.